எண்பத்தெட்டாவது நாள் குறிப்பு

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் சத்தமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். இடம் இல்லையென்றால் நின்றுகொண்டே வருவேன். அடுத்தவர் வீட்டு விஷயம் நம் காதில் விழுவது, நனைந்த குடையோடு ஒருவர் நம்மேல் சாய்வதைப் போன்றது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மேடம். உங்கள் ஆணையம் அனுப்பிய கடிதத்தில் என்னை ‘ஒட்டுக்கேட்டவர்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பதவியின் பெயர் அதுவல்ல. வாசிப்பாளர், இரண்டாம் நிலை. பதினேழு வருட சர்வீஸ். தாமதமாக வந்ததாக ஒரு நாள்கூடப் பதிவு இருக்காது. நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பிரிவு மூன்றாவது மாடியில். வெளியே பலகையில் ‘புள்ளிவிவரம்’ என்று எழுதியிருக்கும். பதினான்கு மேசைகள், ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைக் காகிதம், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கோப்புகள். ஒரு கோப்பு என்றால் ஒரு மனிதர், அவருடைய போன், அவர் வீட்டாரின் போன்கள், அவற்றில் யாரோடெல்லாம் பேசுகிறார்களோ அந்தப் பேச்சு. அவர்கள் எழுதுவதை வாசிக்க வேண்டும், பேசி அனுப்புவதைக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் மஞ்சள் குறி போட்டு, பக்கத்தில் உள்ள கட்டத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். வேலை இவ்வளவுதான். பெரும்பாலும் கொட்டாவி வரும் வேலை. முன்பு என்னுடைய ஒன்பதாவது கோப்புக்காரர் மூன்று வருடமாகப் பூப்படத்தோடு ‘காலை வணக்கம்’ மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தார். இருநூறு பேருக்கு. ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பழமொழி’. எதற்கும் ஒன்று வைத்திருப்பார். நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: “மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம். நீங்க கனத்தைத் தேட வேண்டாம். பயத்தைத் தேடுங்க, போதும்.”

இப்போது அந்தத் தொண்ணூறு நாள் விதிக்கு வருகிறேன். அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முன்பெல்லாம் ஒரு கோப்பு திறந்தால் திறந்ததுதான். மூடவே மாட்டோம். பிறகு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். நீதிமன்றம் கண்டித்தது. அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் ஆணையமும் அதில் பிறந்ததுதான். அந்தச் சட்டப்படி, தொடர்ந்து தொண்ணூறு நாள் ஒரு மஞ்சள்கூட விழாவிட்டால் கோப்பு தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை சேர்த்த பேச்சு, படம், எழுத்து எல்லாம் அழிந்துவிடும். அந்த ஆளை மறுபடி எடுக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். ஒவ்வொரு கோப்பின் மேல் மூலையிலும் ஒரு எண் ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. தொண்ணூறைத் தொட்டால் திரை வெள்ளையாகிவிடும்.

நல்ல சட்டம். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நான் யார்மேலும் வீண் சந்தேகம் எழுதியதே கிடையாது. எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

லிஃப்ட்காரர் என்னிடம் வந்தது சட்டம் வந்த பிறகு.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் ஒரு பழைய கட்டிடத்தில் ஒரு சங்கத்தின் அலுவலகம் இருந்தது. சங்கத்தைத் தடை செய்தபோது, அந்தக் கட்டிடத்துக்கு ஒரே மாதத்தில் மூன்று முறைக்கு மேல் போன் செய்தவர்கள் எல்லோருக்கும் கோப்பு திறந்தார்கள். அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் அந்த மாதம் நான்கு முறை நின்றுபோயிருந்தது. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அவர் அப்பாவி என்பது மூன்றாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் மறைக்கப்போவதில்லை.

அவர் போனில் ஒரு குடும்பக் குழு இருந்தது. பெயர் ‘நாலு பேர்’. அவர், அவர் மனைவி, நர்சிங் படிக்கும் மகள், மனைவியின் தம்பி. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஊரெல்லாம் பயப்படும். எனக்கு அந்த நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காவிட்டால் பொழுது விடியாது என்ற நிலை ஒரே மாதத்தில் வந்துவிட்டது.

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். ஒரு நாள் மனைவியின் குரல்: “என்னங்க, வீட்டுச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டீங்களா? நான் வாசல்ல நிக்கிறேன். ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கதவு திறந்து விடறீங்க, பொண்டாட்டிக்கு மட்டும் பூட்டு.”

தம்பி: “அக்கா, அத்தான் லிஃப்ட் கதவுதான் திறப்பாரு. வீட்டுக் கதவுன்னா தனியா மனு போடணும்.”

லிஃப்ட்காரர்: “மாப்ள, நீ வாயை மூடிக்கிட்டு ஸ்விட்சைப் பாரு.”

மகள்: “மாமா என்னிக்குப்பா ஸ்விட்சைப் பார்த்தாரு? போனைத்தான் பார்ப்பாரு. அதான் இப்ப பதில் போட்டுட்டு இருக்காரு.”

அந்தத் தம்பி அவரோடுதான் வேலை பார்த்தான். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், இன்னொருவர் மேலே மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கீழே இருப்பவர் வெளியே வந்து குரல் கொடுக்கும்வரை யாரையும் அந்த ஸ்விட்சைத் தொட விடக் கூடாது. மனைவி ஒருமுறை தம்பியைச் சோம்பேறி என்று திட்டியபோது லிஃப்ட்காரர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: “இருக்கட்டும்டி. நான் குழிக்குள்ள இறங்கினா என் உயிர் அவன் கையிலதான். சோம்பேறியா இருந்தாலும் நின்ன இடத்தை விட்டு நகர மாட்டான். அந்த குணம் லட்சத்துல ஒருத்தனுக்கு வரும்.”

என் வீட்டிலும் பேச்சு உண்டு. ‘சாப்பிட்டாச்சா’, ‘கேஸ் அணைச்சாச்சா’. எங்களுக்குக் குழந்தை இல்லை. குறை சொல்லவில்லை, விவரம் சொல்கிறேன்.

முதல் எண்பத்தெட்டாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மூலையில் அந்த எண்ணைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாளில் அவர்கள் காணாமல் போவார்கள். மகளுக்கு அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். அன்று லிஃப்ட்காரரின் போன் மூன்று மணி நேரம் எங்கேயும் பதிவாகவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. நான் மஞ்சளைத் தட்டி எழுதினேன்: ‘மூன்று மணி நேரம் தொடர்பு எல்லைக்கு வெளியே. காரணம் தெரியவில்லை.’

முதல் வாக்கியம் முழு உண்மை. இரண்டாவதைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தக் கட்டத்தில் எழுபது எழுத்துக்கு மேல் எழுத முடியாது, மேடம். குழி, சிக்னல் என்று விளக்க அதில் இடம் இல்லை.

எண் மறுபடி ஒன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. எனக்கு ஒரு நிம்மதி. ஊருக்குப் போகவிருந்த உறவினர் ‘இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்’ என்று பெட்டியைக் கீழே வைத்தால் வருமே, அந்த நிம்மதி.

மகள் தேர்வில் தேறினாள். அன்று மாலை நான் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பெட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“என்ன விசேஷம்?”

“ஒரு பொண்ணு பாஸ் பண்ணிட்டா.”

“எந்தப் பொண்ணு?”

“தெரிஞ்ச பொண்ணு.”

“எனக்குத் தெரியாத தெரிஞ்ச பொண்ணா?” என்றாள். கேக்கைத் தொடவில்லை. மறுநாள் குளித்துவிட்டு வந்தால் என் போன் அவள் கையில். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் அதிகம் வராது. அன்று வந்தது. “அடுத்தவங்க போனை எடுத்துப் பாக்கறது என்ன பழக்கம்? ஒரு மனுஷனுக்குன்னு தனியா எதுவும் இருக்கக் கூடாதா?” என்றேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்: “மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்?”

அதற்குப் பிறகு நான் போனுக்குக் கடவுச்சொல் போட்டுக்கொண்டேன். அவள் என்னோடு பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். ஏற்கெனவே பாதிதான்.

மஞ்சள் கணக்குக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்குள் ஒரே கோப்பில் நாலு மஞ்சள் வரை எங்கள் மாடியோடு நிற்கும். ஐந்தாவது விழுந்தால் கோப்பு தானாக மேல் மாடிக்குப் போகும். மேல் மாடிக்காரர்கள் வாசிப்பதில்லை. நேரில் போவார்கள். இது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. நன்றாகவே தெரியும். ஐந்தாவது எண்பத்தெட்டாவது நாள் வந்தபோது நான் அன்று போடவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எண்பத்தொன்பதாவது நாள் பிற்பகலில் போட்டேன். மேல் மாடிக்காரர்கள் ஒரு பார்வை பார்த்து, ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் லிஃப்ட்காரரை வேலை செய்த இடத்திலிருந்தே அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். அடிக்கவில்லை, அது முறையல்ல. ஐந்து தேதிகளில் போன் ஏன் அணைந்திருந்தது என்று கேட்டார்கள். அவர் குழி, சிக்னல் என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவர் மனைவியிடம் சொன்ன ஒரு கிண்டலை வாசித்துக் காட்டினார்கள். ‘இந்த நாட்டுல நியாயம் கேக்கறது, நின்னுபோன லிஃப்ட்ல மணி அடிக்கற மாதிரி. அடிக்கலாம், ஆள் வராது.’ இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை குழுவில் அவர் குரல் வந்தது. எப்போதும் இருக்கும் சிரிப்பு அதில் இல்லை. “நாம நாலு பேருக்குள்ள பேசினது அவங்க கையில காகிதமா இருக்கு. எழுத்துக்கு எழுத்து இருக்கு.”

ஐந்து மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு நேர அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

இங்கேதான் ஒரு விஷயம் குறுக்கே வந்தது. தம்பி அரசுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஆறு வருடமாகக் காத்திருந்தான். அந்த மாதம் அவனுக்கு வீடு ஒதுக்கிக் கடிதம் வந்தது. தற்செயல்தான். நான் விசாரித்தேன், வரிசைப்படிதான் வந்திருந்தது. ஆனால் லிஃப்ட்காரருக்கு அது தெரியாதே.

“ஆறு வருஷமா வராத வீடு, என்னை உள்ளே கூட்டிட்டுப் போன மாசம் வருது. எப்படி மாப்ள?”

“அத்தான், வரிசையில நின்னேன். வரிசை நகர்ந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“என்னங்க இது, அவன் என் தம்பிங்க.”

“அதனாலதான்டி கேக்கறேன். வேற ஒருத்தனா இருந்தா கேக்க மாட்டேன். ஒதுங்கிப் போயிடுவேன்.”

மகள்தான் தெளிவாக இருந்தாள். “அப்பா, மாமாவை விடுங்க. மாமாவுக்கு ரகசியம் சொல்லத் தெரிஞ்சா என் பரீட்சை மார்க்கை இந்நேரம் அம்மாகிட்ட சொல்லியிருப்பாரு. இது போன் வேலையா இருக்கும். வேற ஒண்ணு இருக்குப்பா, நடுவுல யாரும் படிக்க முடியாது. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அதான் வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை வந்து எல்லார் போன்லயும் நானே போட்டுத் தரேன்.”

கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னது முழுக்கச் சரி. அது மட்டும் நடந்திருந்தால் எங்கள் திரையில் வெறும் கோடுகள்தான் தெரிந்திருக்கும்.

அன்று வியாழக்கிழமை. எனக்கு மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் வெளியே போய், பெயர் கேட்காமல் விற்கும் கடையில் ஒரு புது எண் வாங்கினேன். அதிலிருந்து லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன்: ‘வீடு யாருக்கும் சும்மா கிடைக்காது. உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள். இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பும் ஒருவர்.’ பிறகு அந்த சிம் அட்டையை உடைத்துச் சாக்கடையில் போட்டேன்.

அந்தச் செய்தியிலும் பொய் இல்லை. வீடு யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. மைத்துனரிடம் கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான். நலம் விரும்பியதும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது அவர் போனைக் கொடுக்கவில்லை. “காட்டிக்கொடுத்தது போன் இல்லம்மா, ஆளு” என்றார். ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அதை அவள் அம்மாவுக்கு எழுதி வருத்தப்பட்டாள். அப்படித்தான் எனக்குத் தெரியும். போன்கள் அப்படியே இருந்தன. தம்பி குழுவை விட்டு வெளியேறினான். ‘வெளியேறினார்’ என்று திரையில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவனுடைய கிண்டல்கள்தான் அந்த வீட்டுக்கு உப்பு.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. லிஃப்ட்காரர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். மனைவி ஏதாவது கேட்டால், ‘நேர்ல சொல்றேன்’ என்பார். மகளிடம்கூட, ‘உன் ரூம்ல கூட இருக்கிற பொண்ணு யாரு, அவங்க அப்பா என்ன வேலை?’ என்று விசாரித்தார். வேறொரு மெக்கானிக் துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். “கூட ஒருத்தன் நின்னா, நான் பெருமூச்சு விட்டாக்கூட எங்கேயோ போய்ச் சொல்லுவான். நான் பாத்துக்கறேன்.” தனியாகவே வேலைக்குப் போனார். மேலே போய் மெயின் ஸ்விட்சை அணைப்பார். ‘வேலை நடக்கிறது, போடாதீர்கள்’ என்று ஒரு அட்டையை மாட்டுவார். கீழே வந்து குழிக்குள் இறங்குவார். இப்படி மூன்று வாரம்.

நீங்கள் கேட்ட அந்தக் காலைக்கு வந்துவிட்டேன்.

எங்களிடம் ‘நிறுத்தி வை’ என்று ஒரு பொத்தான் உண்டு. கோப்புக்காரருக்கு வரும் ஒரு செய்தி ஆபத்தானது என்று தோன்றினால், அது போய்ச் சேராமல் ஒரு நாள்வரை வாசிப்பாளர் பிடித்து வைக்கலாம். பதினேழு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. அன்று காலை ஒன்பது பத்துக்குத் தம்பியிடமிருந்து லிஃப்ட்காரருக்கு ஒரு செய்தி வந்தது. மனப்பாடமாகச் சொல்கிறேன்.

‘அத்தான், நீங்க என்னோட பேச வேண்டாம். என் மூஞ்சியைக்கூடப் பாக்க வேண்டாம். இன்னிக்கு ஒன்பது மாடிக் கட்டிடத்துக்குத் தனியா போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்க மேனேஜர் அவசரக்காரன். நான் வந்து ஸ்விட்ச் கிட்ட நிக்கிறேன். சும்மா நிக்கிறேன். நான் வர்றவரைக்கும் இறங்காதீங்க. பாப்பா சொன்னதுதான் சரி, இது போன்தான். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து போனை மாத்திடலாம். சரின்னு ஒரு வார்த்தை போடுங்க, கிளம்பி வரேன்.’

மேடம், இதை நான் இரண்டாகப் படித்தேன். முதல் பாதியைப் படித்தபோது கண் கலங்கியது. நல்ல பையன், வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் பாதியைப் படித்தபோது, அவர்கள் சமாதானமானால் சாயங்காலத்தோடு எனக்கு அவர்கள் இல்லை என்று புரிந்தது. ஒரு செய்தியைப் பாதியாக அனுப்ப எங்களுக்கு அதிகாரம் கிடையாது. விட்டால் முழுசாக விட வேண்டும். நிறுத்தினால் முழுசாக நிறுத்த வேண்டும்.

நிறுத்தி வைத்தேன்.

தம்பி ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறான். பதில் வரவில்லை. அத்தான் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டான். போன் செய்திருக்கலாமே என்பீர்கள். அவன் எண்ணை லிஃப்ட்காரர் தடை செய்து வைத்திருந்தார், எழுதினால் மட்டும் போகும்படி. அதுவும் எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு அந்தக் கட்டிடத்தின் மேல் தளங்களில் இருப்பவர்கள் படியேற முடியவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். மேனேஜர் மோட்டார் அறைக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்று ‘தொடாதீங்க’ என்று சொல்ல யாரும் இல்லை. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். லிஃப்ட் கீழே இறங்கியது.

எனக்கு அது உடனே தெரியாது. மூன்று மணி நேரம் அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று திரையில் காட்டியது. வழக்கம்தானே என்று இருந்தேன். ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியின் எண்ணுக்கு அழைப்பு போனது. பத்து நிமிடம் கழித்து, ஒன்று நாற்பதுக்கு, நிறுத்திய செய்தியை விடுவித்தேன். அதை வைத்திருக்க இனிமேல் காரணம் எதுவும் இல்லை. அந்தச் செய்தி அவருடைய துணி, செருப்பு, கருவிப் பையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த போனில் போய் விழுந்திருக்கிறது. சாயங்காலம் அந்தப் போன் மகள் கைக்கு வந்ததாம். ஒன்பது பத்துக்கு அனுப்பியது ஒன்று நாற்பதுக்கு ஏன் வந்தது என்று அந்த நிலையிலும் அவள் கவனித்திருக்கிறாள். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா.

மறுநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘துக்கம்’ என்று போட்டேன். பழமொழி, “யாருப்பா, நெருங்கின சொந்தமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “போயிட்டு வா. அழுது தீர்த்தாத்தான் பாரம் குறையும்” என்றார்.

முகவரி எனக்கு மனப்பாடம். மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு. கீழே தெருவில் தம்பி நின்றிருந்தான். அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று அக்காவும் நம்பிவிட்டார், அவனை மேலே வர விடவில்லை. குரலை வைத்துத் தடித்த ஆள் என்று நினைத்திருந்தேன், மெலிந்துதான் இருந்தான். யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. நான் போய் அவன் தோளில் கை வைத்தேன். “நான் எழுதினேன் சார். அவரு படிக்கவே இல்ல” என்றான். “தெரியும்ப்பா” என்றேன்.

மேலே போனேன். சின்ன வீடு. நிறைய பேர். உடலை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று பக்கவாட்டில் சரிந்தார். மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டு, “பிரஷர் மாத்திரை, அம்மாவோட மாத்திரை எங்கே, யாராவது பாருங்களேன்” என்று கத்தினாள். நாலு பெண்கள் சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

“பிரிட்ஜ் மேல இருக்கும்மா. நீல மூடி போட்ட டப்பா. அது மேல, கடையில கொடுத்த காலண்டர் கிடக்கும், அதைத் தூக்கிப் பாரு” என்றேன்.

இருந்தது. ஒன்றரை வருடத்தில் அந்தம்மா ‘என் மாத்திரை எங்கே’ என்று குழுவில் பத்தொன்பது முறை கேட்டிருக்கிறார். பத்தொன்பது முறையும் லிஃப்ட்காரர் இதே பதிலைத்தான் சொன்னார். இனிமேல் சொல்ல அவர் இல்லை. யாராவது சொல்ல வேண்டாமா?

மாத்திரையைக் கொடுத்து, அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். முதல்முறையாக அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். படங்களில் தெரிவதைவிடச் சோர்வாக இருந்தாள்.

“நீங்க அப்பாவோட வேலை பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

“இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?”

“இதான் முதல் தடவை.”

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். அணைத்தாள். அம்மாவின் போனை எடுத்து அதையும் அணைத்தாள். பிறகு படியிறங்கிப் போய், தெருவில் நின்ற மாமாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். “அம்மா, மாமா சொல்லலை. மாமா எதுவும் சொல்லலை” என்றாள். அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த வீடு மறுபடி சேர்ந்ததை நான் நேரில் பார்த்தேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. அப்புறம் அவள் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் படியிறங்கி வந்தேன். மறுவாரம் உங்கள் கடிதம் வந்தது.

ஆகவே, மேடம், நீங்கள் எழுதி வைத்திருப்பது எல்லாம் சரி. ஐந்து மஞ்சளும் நான் போட்டவை. ‘நலம் விரும்பும் ஒருவர்’ என்று லிஃப்ட்காரருக்குச் செய்தி அனுப்பியது நான். தம்பியின் செய்தியை நாலரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் நான்தான். மேலதிகாரி யாரும் சொல்லவில்லை, என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள் எனக்குத் தெரியும். தேர்வுக்கு முன்னால் அவள் அழுத இரவு எனக்குத் தெரியும். அவள் தேறியதற்கு என் வீட்டில் கேக் வெட்டினேன். அப்படிப்பட்டவள், அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்து, ‘நீங்க யாரு?’ என்று கேட்டாள்.

வளர்த்த பெண் கேட்கிற கேள்வியா அது, மேடம்?